தலை எண்ணிக்கை

ஃபிரெஸ்னோவில் பிப்ரவரி. மூடுபனி
பாதாம் தோட்டங்களைத் தின்றுவிட்டு
வண்டி நிறுத்துமிடம் வரை வந்துவிட்டது.

என் வேலை வகுப்புகளுக்கு அறை ஒதுக்குவது.
வணிகவியலுக்கு ஜன்னல் வைத்த அறைகள்.
செவிலியர் படிப்புக்குப் புதுக் கட்டடம்.
இனக்குழு ஆய்வுத் துறைக்கு, பதினோரு வருடமாக,
அடித்தளத்தில் ஏழாம் எண்.
அங்கே சுவருக்குள் வெந்நீர்க் குழாய் இருமும்.
யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.
போன வருட அட்டவணையை நகலெடுத்தேன்,
அவ்வளவுதான்.

இந்த முறை மேலிடத்திலிருந்து ஒரு மடல்:
பதினைந்து தலைக்குக் குறைந்தால் வகுப்பு ரத்து.
"இதைப் படித்து என்ன வேலைக்குப் போவார்கள்?"
நிதிக்குழுவில் ஒருவர் கேட்டாராம்,
உலர்திராட்சையை மென்றுகொண்டே.
அதைப் பறித்தது யார் என்று
அவரை யாரும் கேட்கவில்லை.

எட்டு மணிக்குத் தாளோடு இறங்கினேன்.
லுஸ்விமிந்தா பக்டிலாவ் தலையசைத்தார்.
ஒப்பந்த விரிவுரையாளர். மூன்று கல்லூரிகள், ஒரே கார்,
பின்சீட்டு முழுக்கத் திருத்தாத தாள்கள்.

எண்ணத் தொடங்கினேன்.
டூ கெர் லோர், கட்டடப் பொறியியல்;
இந்த நேரம்தான் அவனுக்கு ஒழிந்ததாம்.
குழாயின் சரிவு தப்பு என்று
முதல் வாரமே புகார் எழுதியவன்.
ஹஸ்மிக் தூங்குகிறாள்.
தூங்கினாலும் தலை தலைதான்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
தொப்பிக்காரனோடு பதினான்கு.

திரையில் ஒரு திருமணப் பதிவேடு.
எல் சென்ட்ரோ, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டு.
மணமகன் பஞ்சாபி, பருத்திக்காட்டில் குத்தகைக்காரர்.
மணமகள் மெக்சிகோக்காரி.
நிறம் மாறி மணம் முடிக்க
அன்றைய சட்டத்தில் இடமில்லை.
நிறத்துக்கான கட்டத்தில் குமாஸ்தா
இருவருக்கும் ஒரே சொல்லை எழுதியிருக்கிறார்:
பழுப்பு.
எழுத்து சாய்ந்திருக்கிறது. அவசரமோ,
இரக்கமோ, சாப்பாட்டு மணி அடித்துவிட்டதோ.

என் பெயர் ரொசாலியா சிங்.
கேட்கிறவர்களிடம் இத்தனை நாளும்
"எங்கள் குடும்பத்தில் ஒரு கிறுக்குத்தனம் நடந்தது"
என்று சிரித்து வைப்பேன்.
விண்ணப்பங்களில் எனக்கு உள்ளது
'பிற' என்ற கட்டம்.
பிறந்ததிலிருந்து அங்கேதான் குடியிருப்பு.

திரையில் இருந்தவர்கள் என் ஆட்கள் அல்ல.
பெயர்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.
எண்ணி முடித்தாயிற்று, படியேற வேண்டியதுதான்.
ஏறவில்லை.

லோர் கை தூக்கினான்.
"அந்தக் குமாஸ்தாவின் பெயர் என்ன?"
லுஸ்விமிந்தா பக்கத்தின் அடியைப் பெரிதாக்கினார்,
இன்னும் பெரிதாக்கினார்.
மை கலைந்து புள்ளி புள்ளியாக ஒரு கையெழுத்து.
யாராலும் படிக்க முடியவில்லை.
ஹஸ்மிக்கூட எழுந்து பார்த்தாள்.

கதவோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.
அதன் ஒரு கால் ஆடும். எனக்குத் தெரியும்,
மேல்மாடியிலிருந்து கழித்து
இங்கே இறக்கியவள் நான்தான்.
உட்கார்ந்தேன்.

தாளில் எண்ணுக்கான கட்டம் சின்னது.
பதினைந்து என்று எழுதினேன்.
கையெழுத்தை மட்டும்
யார் வேண்டுமானாலும் படிக்கும்படி
முழுப்பெயராகப் போட்டேன்.