குதிரைக்குக் கூலி

குருமண்வெளித் துறையில்
கூலிப் பலகை ஒன்று தொங்குகிறது.
ஆள், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஆட்டோ,
மாடு, கன்று, நெல்மூட்டை.
பதினொரு வருசமாய்ப் பாதை ஓட்டுகிறேன்.
பலகைக்கு வெளியே வந்தது
ஒரே ஒரு பிரேதம்.
அதற்கு நான் காசு கேட்கவில்லை.

இன்று காலை
சம்மாந்துறை உதுமாலெப்பை
லொறியின் பின்கதவை இறக்கினார்.
மூன்று குதிரை.

"மாட்டுக் கூலிதானே?" என்றார்.
"மாடு நிண்ட இடத்தில அசைபோடும்.
இதுகள் என்ன செய்யும்?"
"சும்மா நிக்கும். மறுகா என்ன?"

முதலாவது நுவரெலியாவில் ஓடி ஓய்ந்தது.
தரோபிரெட். அதன் பூட்டன் பூட்டி பெயரெல்லாம்
பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன;
என் பூட்டனின் பெயர் எனக்குத் தெரியாது.
முன்னங்கால் மூட்டில் நீளத் தழும்பு.
அதற்கு மட்டும் கடதாசி இல்லை.

இரண்டாவது மார்வாரியாம்.
காதுகள் உள்நோக்கி வளைந்து
நுனியோடு நுனி முட்டியிருந்தன,
எங்களைப் பற்றி
தமக்குள் ஏதோ குசுகுசுப்பது போல.
எட்டரை லட்சம்.
"கலியாண ஊர்கோலத்துக்கு விட்டா
ரெண்டு வருசத்தில முதல் வந்திரும்."

மூன்றாவது ஒரு மட்டக்குதிரை.
மண்நிறம் என்றும் சொல்லலாம்,
அழுக்கு என்றும் சொல்லலாம்.
"இது என்ன இனம்?"
"தீவில இருந்து வந்தது.
எந்தத் தீவெண்டு கேக்கப்படா."
அவர் அதற்கு விலையும் சொல்லவில்லை.

நடு ஆற்றில் கச்சான் அடித்தது.
ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் குடை
பட்டென்று மறுபக்கம் மலர,
மார்வாரி பின்னங்காலால்
ஆட்டோவின் விளக்கை உடைத்தது.
பந்தயக்குதிரை நடுங்கியது:
கால் அசையாமலே கரை விலகிப்போவதை
அது எந்தத் திடலிலும் பழகியிருக்கவில்லை.
உதுமாலெப்பை ஒரு கையில் கயிறும்
மறுகையில் கயிறுமாய்
யா அல்லா என்றார்.
மூன்றாவது கயிற்றுக்கு
அவரிடம் கை இருக்கவில்லை.

தொப்பென்று ஒரு சத்தம்.

பிறகு ஆத்துவாழைகளை விலக்கிக்கொண்டு
ஒரு தலை போனது.
அவசரமே இல்லை.
ஓரிடத்தில் நிலம் எட்டியிருக்கவேண்டும்;
நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்து,
மூக்கால் தண்ணீரை ஊதியது.

நாங்கள் மண்டூர்க் கரையில் முட்டும்போது
அது கண்ணாப் பற்றையடியில்
ஈரம் சொட்டச் சொட்ட
எதையோ மென்றுகொண்டிருந்தது.

அங்கே மண்டபக்காரர் காத்திருந்தார்,
மார்வாரியோடு நின்று படமெடுத்தார்,
யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.
தழும்பை ஒரு பொடியன் விரலால் தடவினான்,
யோசிக்காமலே போய்விட்டான்.

நேசமலர் மட்டும்
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
கண்ணாவடிக்கு இறங்கினாள்.
எழுபது எருமை அவளுக்கு.
மாரியில் வட்டை முழுக்கக் கடலாகும்;
போன வருசம் அவளுடைய மோட்டார் சைக்கிள்
சேற்றுக்குள் கிடந்து சேறாகவே போயிற்று.

"இது ஓடாது தங்கச்சி" என்றார் உதுமாலெப்பை,
வியாபாரியாய் அல்ல, சங்கடத்தோடு.
"ஓடுறதுக்கு எருமை இரிக்கி.
எனக்குத் தண்ணிக்குள்ள
பயப்படாம நிக்கிற ஒண்டு வேணும்."

ஒன்றரை லட்சத்தில் தொடங்கி
எண்பதாயிரமும் ஒரு கிடாரிக் கன்றும் என முடிந்தது.
கன்றை அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கூலி கேட்டேன்.
ரெண்டு மாட்டுக் காசு தந்தார்.
"மூண்டு" என்றேன்.
"ஒண்டு நீந்தித்தானே வந்த?"
உடைந்த விளக்கைக் காட்டி
ஆட்டோக்காரன் சண்டைக்கு நின்றான்.
நான் மூன்றாவதை விட்டுவிட்டேன்.

பொழுதுபட்டுத் திரும்பும்போது
பாதையில் இரண்டு குதிரை, ஒரு கன்று.
கன்றுக்குப் பலகையில் விலை இருக்கிறது,
பேச்சில்லாமல் தந்தார்.
அது பந்தயக்குதிரையின் வயிற்றுக்குக் கீழே
கச்சானுக்கு ஒதுங்கி நின்றது.
குதிரை இப்போது நடுங்கவில்லை.

அக்கரையில், வரம்பில்,
நேசமலர் ஏறவில்லை.
கயிற்றைத் தோளில் போட்டு முன்னால் நடந்தாள்.
அதுவும் நடந்தது.
இருட்டில் எது குட்டை எது நெட்டை என்று
பிரிக்க முடியாமற் போனபின்
எஞ்சினை அணைத்துக்
கயிறு கட்டினேன்.