வில்லு

வெருகலுக்கு மேற்கே, ஆற்றங்கரைக் காட்டில்
வெள்ளம் வடிந்தபின் தேங்கிக் கிடக்கிற தண்ணீருக்கும்
வில்லு என்றுதான் பெயர்.
வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்தி அலுத்துவிட்டது.
வில்லுக்குப் போறன் என்பேன்.
அம்பு எங்கே என்பார்கள்.

இன்று மூன்றாவது இரவு.
மருதமரத்தின் இரண்டாம் கவரில்
நாலு காயாந்தடி, மேலே ஒரு உரப்பை,
அதற்கும் மேலே நான்.
துவக்கென்றால் காம்ப்வரைக்கும் கேட்கும்,
கேட்டால் விடிய முதல் ஜீப் வரும்.
வில்லுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.
நுளம்புக்குக் கேட்கிற அளவு ஒரு மூச்சு,
அவ்வளவுதான்.

அம்புத்தடி விண்ணாங்கு.
அலகு, உடைந்த லொறி ஸ்பிரிங்கில்
கதிராமத்தம்பி அடித்துத் தந்தது.
நாண், சுறாத்தூண்டில் நைலோன்.
மயிலிறகு மட்டும் சும்மா கிடைத்தது.

கச்சான் ஒரு இடத்தில் நிற்கிற காற்றில்லை.
மரைக்குக் கண்ணைவிட மூக்கு நீளம்,
அதனால் உடம்பெல்லாம் யானை லத்தி.
மூன்று நாளாய் என்னை
அடுப்படிப் பக்கமே விடவில்லை பூரணவதி.

முதல் சாமம் பன்றி, குட்டிகளோடு. விட்டுவிட்டேன்.
பிறகு ஒரு அலியன் வந்து
என் கால்களுக்கு நேர்கீழே நின்று
நெடுநேரம் எதையோ யோசித்தது.
நானும் யோசித்தேன், வேறொன்றை:
சங்கக் கடை, மூன்று மாதப் பாக்கி.

நிலவு மேற்கே சரிந்தபிறகு
ஓசையில்லாமல் அவன் வந்தான்.
மூன்று கவர்க் கொம்பு.
கழுத்து மயிரில் காய்ந்த சேறு.
குடிக்கமுதல் முன்னங்காலால்
தண்ணீரைத் தட்டிப் பார்த்தான்,
கடன் கேட்கப் போனவன்
படலையைத் தட்டுவதுபோல.

இழுத்தேன்.
வலது கால் எப்போது விறைத்ததென்று தெரியாது.
முன்சப்பைக்குப் பின்னால் நாலு விரல் என்று
கை தானாக அளந்தது.
அவன் தலையைத் தூக்கினான்.
அம்பு போனதை நான் காணவில்லை.
விரல் வெறுமையாய் இருந்ததைத்தான் கண்டேன்.

இனித்தான் வேட்டை.
இறங்கக் கூடாது.
துரத்தினால் ஆறு கட்டை ஓடுவான்,
விட்டால் பக்கத்திலேயே படுப்பான்.
ஒரு சுருட்டு நேரம் என்பார்கள்,
பரணில் சுருட்டுப் பற்றவைக்க ஏலாது.
நூறுவரை எண்ணினேன்.
பிறகும் நூறு.
அவனும் எங்கேயோ நின்று
என்னை எண்ணியிருக்கலாம்.

செய்ததற்கும்
செய்தது என்னவென்று அறிவதற்கும் இடையில்
இப்படி ஒரு பரண் கட்டியிருக்கிறதென்று
எனக்கு ஒருவரும் சொன்னதில்லை.

விடிந்தது. இறங்கினேன்.
இரத்தம் இளஞ்சிவப்பு, நுரைத்திருந்தது.
சுவாசப்பை.
சந்தோசப்பட்டேன்.
சந்தோசப்பட்டதை மறைக்கக் கூடாது.
வீரை இலையில் ஒரு சொட்டு,
கோரையில் இடுப்புயரத்தில் ஒரு தேய்ப்பு,
பிறகு சேறு,
பிறகு
தண்ணீர்.

காட்டைச் சுற்றி வளைந்துவந்து
வில்லு அவனுக்கு முன்னாலும் கிடந்திருக்கிறது.
நடுவில் கொம்பு மட்டும், பட்ட கொப்புப்போல.
பக்கத்தில் இரண்டு முதலை,
ஒரு அவசரமும் இல்லாமல்.
ஒன்று புரண்டது.
கொம்பு ஒருமுறை சுற்றித் தாழ்ந்தது.
என் கைக்கெட்டும் தூரத்தில்
அம்பின் பின்பாதி மிதந்துவந்தது.
மயிலிறகு நனையவேயில்லை.

நான் வளைத்தது ஒன்று.
என்னைச் சுற்றி வளைந்து கிடந்தது ஒன்று.
இரண்டுக்கும் ஒரே பெயரை
வைத்தவன் பகிடிக்கு வைக்கவில்லை.

திரும்பும் வழியில்
கதிராமத்தம்பியின் இரவல் கத்தியைக் கொடுத்தேன்.
உறையிலிருந்து பாதி இழுத்துப் பார்த்தான்,
திரும்பச் செருகினான்.
காத்துப் பிழையோ என்றான்.
ஓம் என்றேன்.