கரண்ட் போன பிறகு

பலாலியில் கஸ்டம்ஸ்காரர் கேட்டார்:
இதென்ன, சவப்பெட்டியோ?
டபுள் பேஸ் என்றேன்.
அர்மெல் அதன் கழுத்தைத் தனியாகக் கழற்றி
துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.
அதையும் தட்டிப் பார்த்தார்.
மரம் பதில் சொன்னது. விட்டுவிட்டார்.

நான் மொழிபெயர்க்கப் போனவள்.
பாரிஸில் பதினொரு வருசம்
ஒரு மதுச்சாலையின் நிலக்கீழ்க் குசினியில்
கோப்பை கழுவினேன்.
மேலே வெள்ளிதோறும் ஜாஸ்.
பேஸ் மட்டும்தான் கூரையால் இறங்கி என்னிடம் வரும்.
ட்ரம்பெட் எல்லாம் காசு கொடுத்தவர்களுக்கு.

இந்த மூவருக்கும் ஒரு பழக்கம்,
ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஓர் ஊர், ஒரு விருந்தாளி.
மார்செய்யில் ஊத் வாசிக்கிற ஒரு பேக்கரிக்காரர்.
பமாக்கோவில் கோராவோடு ஒரு பெண்.
இந்த முறை குருநகர்,
இந்த முறை பிலேந்திரன்.
யாகப்பர் பெருநாளுக்கும்
சேமக்காலை மட்டும் போகிற ஊர்வலத்துக்கும்
ஒரே கிளாரினெட், ஒரே வெள்ளைச் சட்டை.
மற்ற நாளில் ஐஸ் வாடியில் கணக்கு.

பங்கு மண்டபம். மைக்கில் கேட்கும் என்று
மின்விசிறிகளை நிறுத்தியிருந்தோம்.
அவருக்கு நோட்ஸ் வாசிக்கத் தெரியும் என்றதும்
லோயிக்கின் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.
அக்கோடியனைத் தோளில் ஏற்றிக்கொண்டு
உங்கள் மரபில் வாசியுங்கள் என்றான்.
சொன்னேன்.
'என்ரை மரபோ?
வெள்ளைக்காரன்ரை மார்ச்தானே பிள்ளை.'
அதை நான் கொஞ்சம் மாற்றித்தான் சொன்னேன்.

ஆறு தரம் எடுத்தார்கள்.
ஆறும் மரியாதை.
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு
நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று
வாசலிலேயே நிற்பதுபோல.

ஏழாவதில் கரண்ட் போனது.
பெட்டரியில் ஓடிய சின்ன ரெக்கோடரின் சிவப்புப் புள்ளி மட்டும்.
இருட்டில் பிலேந்திரன்
வீட்டிலிருந்து பெட்டி தூக்கும்போது வாசிக்கிற
அந்த நாலு வரியை எடுத்தார்.
எனக்குத் தெரியும்.
என் அண்ணனுக்கும் அதுதான்.
பெட்டிக்குள் அவனுடைய சேர்ட் மட்டும் இருந்தது.

தியெரிக்குத் தெரியாது.
பிரஷ்ஷை எடுத்து
இரண்டாம் வரியில் துள்ளலாய் ஒரு ஸ்விங் போட்டான்.
அர்மெல் அடியில் நடந்தாள்,
நடை என்று சொல்ல முடியாது, முக்கால் ஆட்டம்.
நான் வாய் திறந்தேன்.
பிலேந்திரன் வாசித்தபடியே தலையாட்டினார்:
வேண்டாம்.

பேந்து அவரும் அவர்களோடு திரும்பினார்.
சேமக்காலைக்குப் போகிற றோட்டில்
சவத்தோடு போன சனம் முழுக்க
ஒரு ஒழுங்கையால் விலகி
கடற்கரைக்குப் போய்விட்டதுபோல.

அன்றிரவு றெஜீனாவின் கூழ், நண்டு.
தியெரி அழுதான், உறைப்பில்.

ஏழு மாதம் கழித்துப் பார்சல்.
உறையில் எங்கள் ஜெற்றி.
மூவர் பெயரும் பெரிதாய், கீழே சின்னதாய்
விருந்தாளி: பிலேந்திரன், கிளாரினெட்.

'ஆர் விருந்தாளி?
வந்து திண்டது அவையளெல்லோ.
நண்டு வாங்கினது நான்.'

பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கு, ஓத்.
வீட்டுக்காரனுக்கும் அதுதான்,
வந்தவனுக்கும் அதுதான் என்றேன்.
அப்ப சண்டை வராதோ?
வரும் என்றேன்.

தட்டைச் சுழற்றக் குருநகரில் மிஷின் இல்லை.
என் போனில் போட்டேன், ஐந்தாவது.
ஒரு காதால் கேட்டார்.
'இந்த இடத்திலை நான் மூச்சு எடுத்திருக்கக் கூடாது.'
வேறொன்றும் சொல்லவில்லை.
நாலு மணிக்குச் செத்தவீடு. சட்டையைத் தேடினார்.

வாசலில் நின்று பார்த்தேன்.
முதல் வரி எப்போதும்போல.
இரண்டாம் வரியில் ஒரு சுரம்
மயிரளவு பிந்தி விழுந்தது.

பெட்டி தூக்கிய ஆறு பேருக்கும்
ஓர் அடி பிசகி
சமாளித்துக்கொண்டார்கள்.