நட்சத்திரத் துளை

வடசேரியில் ஏறினால் ஆரல்வாய்மொழிக் காற்று
வேனை ஒருமுறை ஓரமாய்த் தள்ளிப் பார்க்கும்.
அதற்கப்புறம் காலை ஆறு வரைக்கும்
வெளிச்சப் பெட்டியும் எக்ஸ்ரே பிலிமும் நானும்.
வெடிப்பு தேடுகிற வேலை.

எரிபொருள் என்றால் டீசல் மாதிரி தளும்பும் என்று
வள்ளவிளையில் நினைக்கிறார்கள்.
இது அழிரப்பர். விரல் வைத்தால் லேசாய் அமுங்கும்.
அலுமினியத் தூளும் பெர்குளோரேட் உப்பும்
ரப்பரில் குழைந்து, நடுவில் ஓர் அச்சு நிற்க,
நாள்கணக்கில் சூட்டில் உறையும்.
பிறகு அச்சை உருவிவிடுவார்கள்.
அது நின்ற இடம்
மேலிருந்து கீழ்வரை நட்சத்திரமாய்த் திறந்து கிடக்கும்.

அந்தத் துளையில்தான் தீ பிறக்கும்.
சுவரைத் தின்றுகொண்டே வெளியே வரும்.
முனைகள் மழுங்க, குழி அகல,
எரிகிற பரப்பு கிட்டத்தட்ட மாறாது,
ராக்கெட் ஒரே சீராய் ஏறும்.
முடியளவு வெடிப்பு இருந்தால்
தீக்கு அது இன்னொரு வாசல்.
அழுத்தம் ஏறி உறை பிளக்கும்.
மூடுவதற்கு வால்வு கிடையாது.
பற்றினால் பற்றினதுதான்.

மாதா திருநாள், பத்தாம் நாள் ராத்திரி,
ஷிபினும் கூட்டாளிகளும்
போட்டில் கிடந்த அபாய ராக்கெட் ஐந்தைக்
கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள்.
தேதி முடிந்தவை. சிவப்புக் குழாய்.
உள்ளே இருப்பது என் வேலைதான், சாண் அளவில்.

மூன்று மேலே போய்ச் சிவந்து தொங்கின.
பிள்ளைகள் கூவினார்கள்.
நாலாவது சரிந்து அலைக்குள் பாய்ந்து
தண்ணீருக்கடியில் எரிந்தது,
மூச்சைக் கூடவே கட்டிக்கொண்டு போன பொருள்.
"எக்கா, கடலுக்குள்ள பத்துது பாரு!"
எனக்கு அது ஆச்சரியம் இல்லை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது பற்றவில்லை.
ஷிபின் எடுக்கப் போனான்.
நான் போட்ட சத்தத்தில் கோவில் மைக் நின்றுபோனதாக
இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.
அரைமணி நேரம் யாரும் கிட்டப் போகவில்லை.
மணலில் உட்கார்ந்து அவன்தான் கேட்டான்:
"இது நடுக்கடல்ல பத்தாம போயிருந்தா?"

இப்போது லட்சத்தீவுக்கு மேற்கே கேரை பிடிக்கிறான்.
புதுசாய் ஆறு வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.
அவற்றையெல்லாம் யார் பார்த்தார்களோ.

பதினேழாவது பிலிம். சுவரோரம் ஒரு கோடு.
தூசியாக இருக்கலாம்.
சூப்பர்வைசர் ஞானசிகாமணி
வாசலில் நின்றபடி மணி பார்க்கிறார்.
பிலிமைத் துடைத்து
மறுபடியும் வெளிச்சத்தில் வைக்கிறேன்.