ஆள்காட்டி

கையிருப்பு நாற்பதாயிரம் குரோனர்.
அதில் பன்னிரண்டைத் தனி உறையில் போட்டு
மேலே ‘பிறகு’ என்று எழுதி வைத்தேன்.
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்குக் கடன் கேட்ட கதை
எங்கள் துறையில் வீட்டுக்கு ஒன்று.

அக்டோபர் கடைசி, ஓருஸ்ட் தீவு.
படகுகள் கரையேறி
முட்டுக்கால்களில் நின்றன
நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு,
ஆஸ்பத்திரி வராந்தாவில்
தம் பெயர் எப்போது வருமென்று இருப்பவர்கள் மாதிரி.

முதல் படகுக்கு முகம் இருந்தது, வயிறு இல்லை.
வார்னிஷில் என் பல்லைப் பார்க்கலாம்;
எஞ்சின் மட்டும்
ஒன்பது வருடமாகப் புரண்டு படுக்கவில்லை.
இரண்டாவதன் தளத்தில் கால் வைத்தேன்:
பாலில் ஊறிய ரஸ்க்.
மூன்றாவதை விற்றவர்
‘சின்னச் சின்ன வேலைதான்’ என்று ஏழு முறை சொன்னார்.
எட்டாவது முறைக்கு நான் ஏணியில் இல்லை.

நான் ரொட்டி சுடுகிறவள்.
விடிகாலை மூன்று மணிக்கு
ஒவ்வொரு ரொட்டியையும் கவிழ்த்து
அடியில் விரல் மடக்கித் தட்டுவேன்.
வெந்தது டொக் என்னும்.
வேகாதது
வாயில் துணி அடைத்தவன்போல் தொப் என்னும்.
அந்த ஒரு படிப்புதான் எனக்கு.

நான்காவது, வீபா.
இருபத்தைந்து அடி, என்னைவிட மூன்று வயது மூத்தவள்.
பின்பலகையில் கொண்டை வைத்த பறவை,
யாரோ கையால் வரைந்தது, ஒரு கால் குட்டை.
வீபா என்றால் ஆள்காட்டிக் குருவி.

ஏவால்ட் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.
குன்னெல் பிளாஸ்கைத் திறந்தபடி சொன்னாள்:
‘முப்பது வருஷம். ஒரு கல்லில்
உரசக்கூட விட்டதில்லை இவர்.’
ஏவால்ட் மேகம் பார்த்தார்.

திருப்புளியின் மரப்பிடியால்
முன்முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன்.
டொக். டொக். டொக்.
அடிக்கட்டை உடம்போடு சேரும் பின்மூலையில்
தொப்.
அங்கே சிவப்புச் சாயம்
சுற்றியுள்ள சிவப்பைவிட ஒரு பிடி இளமை.

உள்ளே டீசல், ஈரக் கம்பளி, பழைய காப்பி.
அடித்தட்டில் தேங்கிய தண்ணீரைத்
தொட்டு நாக்கில் வைத்தேன்.
உப்பில்லை. மழைதான்.
எஞ்சின் எத்தனை மணி ஓடியதென்று பார்க்க
அலமாரியிலிருந்த கறுப்பு நோட்டைப் பிரித்தேன்.
எண்ணெய் மாற்றியது. வடிகட்டி மாற்றியது.
பிறகு, அதே நிதானமான கையெழுத்தில்:

‘ஜூலை 14. மார்ஸ்ட்ராண்டுக்கு வடக்கே பாறை.
மெதுவாகத்தான்.
கு. திடுக்கிட்டு எழுந்தாள். அலை என்றேன்.’

‘பிப்ரவரி 3. தனியாக வந்தேன்.
போல்ட் இரண்டு புதிது, பிசின் மூன்று பூச்சு.
வீட்டில், ஷெல்ஃப் செய்யப் போகிறேன் என்று சொன்னேன்.’

நோட்டோடு மேலே வந்தேன்,
கட்டைவிரல் அந்த வரியின் அடியில்.
குன்னெல் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.
ஏவால்ட் என் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

‘இருபத்தாறு’ என்றார், நான் வாய் திறக்கும் முன்.
‘முப்பத்துநாலுக்கு ஒரு காசு குறையாதுன்னீங்க!’
‘பாய் பழசு.’
‘போன வருஷம்தானே தைத்தோம்?’
‘கயிறு’ என்றார், தொண்டையைச் செருமி.
‘ஆமாம், கயிறு ரொம்பப் பழசு’ என்றேன் நானும்.
நல்ல கயிறு அது. இப்போதும் அதைத்தான் இழுக்கிறேன்.

கைகுலுக்கியபின்
‘அந்த நோட்டை மட்டும்…’ என்று ஆரம்பித்தார்.
‘படகோடு சேர்ந்ததுதானே, கொடுத்துடுங்க’
என்றாள் குன்னெல், மூடியை இறுக்கிக்கொண்டு.

அன்றிரவு அடுக்களை மேசையில்
மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போனேன்.
பகலில் அவசரத்தில் பார்க்கவில்லை:
பிப்ரவரிக்குப் பக்கத்தில், ஓரத்தில்,
பென்சிலில், குண்டு குண்டான வேறு எழுத்து.

‘ஷெல்ஃப் இன்னும் வரவில்லை.’

தேதி போட்டிருக்கவில்லை.

மிச்சம் இரண்டாயிரத்தை
‘பிறகு’ உறையில் சேர்த்தேன்.
ஏப்ரலில் அந்த இரண்டு போல்ட்டையும்
கழற்றிப் பார்க்க வேண்டும்.
மாவு பிசைய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.