கைக்காசு

நோர்வூட்டுக்குக் கீழே, ஆறாவது வளைவில்,
லீக்ஸ் ஏற்றிய லொறி எங்கள் ஆட்டோவை அடித்தது.
ஓடிவந்தவர்கள் முதலில் லீக்ஸைப் பொறுக்கினார்கள்.
குறை சொல்லவில்லை.
அன்றைக்குக் கிலோ நானூறு.
நான் கானுக்குள் கிடந்தேன்,
வலது கை எனக்கு அடியில்
யாரிடமோ இரவல் வாங்கிய கைபோல.

லொறிக் கண்ணாடியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது.
பொலிஸ்காரர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.
இன்சூரன்ஸ் முடிந்து பதினோரு நாள்.
பதினோரு நாள் முந்தி அடிபட்டிருந்தால்
எனக்கும் ஒரு கம்பனி இருந்திருக்கும்.

வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள்.
பேசத் தெரியும் எனக்கு, வாசிக்கத் தெரியாது.
சரிதானே என்றார். சரி என்றேன்.
இடது கையால் கையெழுத்து வைத்தேன்.
பவளக்கொடி என்ற பேர்
எறும்பு இழுத்துப்போன தடமாக விழுந்தது.

ஹட்டனில் சட்டத்தரணிக்கு இருபத்தொரு படி.
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுப்பீர்கள்?
பதினெட்டு. நல்ல கொழுந்து இருந்தால் இருபத்துநாலு.
ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு எடுப்பது தனி.
அது கணக்கில் இருக்கிறதா?
இல்லைங்க, கையிலதான் தருவாங்க.
கையில் தந்தது செல்லாது என்றார்.
எழுதி வைத்திருந்தால்தான் இழப்பு.

செக்ரோல் பிரதி கேட்டுத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பத்தாறு நாளும்
என் பேருக்கு நேரே 'வரவில்லை'.
உண்மைதான்.
எங்கே போனாள் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடம் போதாது.
முந்தின வருசத்து மழைமாதம் முழுக்க
அரைப்பேர், அரைப்பேர், அரைப்பேர்.
எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச்
சட்டத்தரணி ஒரு தொகை சொன்னார்.
சொல்லிவிட்டு அவரே பேனையை மூடினார்:
யாரிடம் வாங்குவது?

லொறி அந்த மனுசனுடையது இல்லை.
லீசிங் கம்பனியுடையது.
மூன்று கட்டு தவறியதும்
பொலிஸ் முற்றத்திலிருந்தே இழுத்துக்கொண்டு போனார்கள்.
நசுங்கிய மூஞ்சியோடு போனாலும்
லொறிக்கு ஒரு சொந்தக்காரன் வந்தான்.

திலகசிறி, வெலிமடைக்காரர்.
கோர்ட் விறாந்தையில் எப்போதும் தள்ளியே நிற்பார்.
மூன்றாம் தவணையில் கிட்ட வந்து
'நங்கி' என்றார்.
அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.
கையைப் பார்த்தார்.
நான் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன்.
ஏன் மறைத்தேன் என்று பஸ்ஸில் யோசித்தேன்.
அதைக் காட்டத்தானே
அவ்வளவு தூரம் போய்வருகிறேன்.

அந்த மாசத்திலிருந்து மூட்டை வரும்.
வெலிமடை பஸ் கண்டக்டர் ஹட்டனில் இறக்கிவைப்பான்.
லீக்ஸ், சில நேரம் போஞ்சி,
அடியில் பொலித்தீன் சுற்றி
ஈரம் படாத இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்.
வாங்காதீர்கள் என்றார் சட்டத்தரணி,
வாங்கினால் தீர்த்துக்கொண்டதாக ஆகிவிடும்.
சரிங்க ஐயா என்றேன்.
வந்து லயத்தில் எட்டு வீட்டுக்கும் பங்கு வைத்தேன்.
மூத்தவன் மட்டும் தட்டைத் தள்ளினான்.
நம்மள அடிச்ச லீக்ஸ்தானே இது?

பங்குனியில் கோர்ட் ஒரு தொகை கட்டச் சொன்னது.
முதல் பங்கு பேங்குக்கு வந்தது.
எடுக்கப் போனேன்.
கவுண்டரில் இருந்த பிள்ளை
இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்தாள்.
புத்தகத்தில் இருந்தது வலது கை போட்டது,
கடைசி எழுத்துக்கு நீளமாய் ஒரு வால்.
இது உங்களுடையது இல்லையே.
என்னோடதுதான் பிள்ள.
அந்தக் கை இப்ப எழுதாது.
இந்தக் காசே அதுக்குத்தான்.
அவள் மேனேஜரைப் பார்த்தாள்.
மேனேஜர் படிவத்தைப் பார்த்தார்.
கிராம சேவகரின் கடிதம் வேண்டுமாம்.

இன்றைக்கு ஞாயிறு.
மேல்மலையில் கைக்காசுக்கு ஆள் எடுக்கிறார்கள்,
பேர் கூப்பிடும் சத்தம் இங்கே கேட்கிறது.
போன வருசக் கலண்டரின் முதுகில்
இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.
ப வந்துவிட்டது. வ-வும் பரவாயில்லை.
ள மட்டும் ஒவ்வொரு தடவையும்
கானுக்குள் விழுகிறது.