கடைசி பெஞ்சு

கதவோரம், கோட்டு மாட்டும் ஆணிகளுக்குக் கீழே
கடைசி பெஞ்சின் முனைதான் டாக்டர் லோக்கனின் இடம்.
மருந்துப் பை இரண்டு கால்களுக்கும் நடுவே
பழகிய நாயைப்போலப் படுத்திருக்கும்.

ஸ்டென்ரூட்டில் அப்போது
ஒரு தானியக் கிடங்கு, ஒரு தபாலாபீஸ்,
நாங்கள் நார்வேக்காரர்கள் கட்டிய இந்தத் தேவாலயம்.
மற்றதெல்லாம் சஸ்காச்சவன் காற்று.

ஞாயிறுதோறும்
பாவத்தைத் தாண்டி மனந்திரும்புதல் வரை வந்திருப்போம்.
மீட்பு வருவதற்குள்
டெலிபோன் செய்தியோடு தபாலாபீஸ் பையன் எட்டிப் பார்ப்பான்.
குளிர் ஒரு முழம் உள்ளே வரும்.
திரும்பினால்
பெஞ்சடியில் பனி உருகிய இரண்டு பூட்ஸ் தடங்கள்.
முப்பத்தெட்டு வருஷத்தில்
ஒரு பிரசங்கத்தின் முடிவையாவது அவர் கேட்டாரோ என்னவோ.

டூசாக் குடும்பம் எங்கள் சபை இல்லை, உக்ரேனியர்கள்.
அவர்கள் வீட்டு இரட்டைப் பிள்ளைகளில் இரண்டாவது
கால் முதலாய் வந்த இரவு,
காரைப் பனி விழுங்கிவிட
பால்காரனின் சறுக்கு வண்டியில் நின்றபடியே போனார்.
கைராசிக்காரர் என்றது ஊர்.
தண்ணீர் கொதித்ததா என்றார் அவர்.
கூலியாய்க் கொடுத்த அரைப் பன்றியைக்
காருக்குள்ளேயே மறந்துவிட்டார்.
ஏப்ரலில் கார்தான் அதை நினைவூட்டியது.

நோயாளி பக்கத்தில் அவர் முழந்தாளிட்டு
நான் பார்த்ததில்லை.
ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவார்,
கண்களை மூடி,
சரியாக ஒரு பரமண்டல ஜெபத்தின் நேரம்.

நவம்பரில் முதன்முறையாக
முன்வரிசைக்கும் முன்னால் கிடந்தார்.
பாஸ்டர் நீட்டித்தான் பேசினார்.
யாரும் கதவைத் திறக்கவில்லை.

பெருக்குவது என் வேலை.
அவர் இடத்துப் பாட்டுப் புத்தகம் புடைத்திருந்தது.
உள்ளே பழைய ஆராதனைத் தாள்கள்,
முதுகிலெல்லாம் பென்சில் எழுத்து:

எய்னாருக்குச் சர்க்கரை. கால் விரல்களைப் பார்க்க.
டூசாக் சின்னவள், இருமல், மூன்றாம் வாரம்.
பள்ளி டீச்சர் தூங்குகிறாளா? கேட்க.

பிறகு ஒன்று.
ராக்னா. மார்ச்சிலேயே தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

என் ராக்னா.
அவளைப் புதைத்த வாரத்துத் தாள்.
அடுத்த ஈஸ்டர் தாளிலும் அதே வரி.
அதற்கடுத்த அறுவடைத் திருநாளிலும்.
எண்ணினேன், பதினேழு.
கடைசி, போன அக்டோபர்,
எழுத்து நடுங்கி, வார்த்தை மாறாமல்.

டாக்டர்,
மார்ச்சில் அவள் உங்களிடம் வந்தது முழங்கை வலி என்று.
கட்டி இருப்பது அவளுக்கு அப்போதே தெரியும்.
எனக்கும் தெரியும்.
விதைப்பு முடியட்டும், வாயைத் திறக்காதே என்றாள்.
திறக்கவில்லை.
அந்த வருஷம் கோதுமை நன்றாக விளைந்தது.

இருபத்திரண்டு வருஷம்
உங்களுக்கு ஆறு பெஞ்சு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.
கதவு திறந்தால்தான் திரும்புவேன்.
திரும்பும்போது நீங்கள் போயிருப்பீர்கள்.
இப்படிச் சொல்வது எனக்கு வசதி.
தெருவில், கடையில், கிடங்கு வாசலில்
நாம் எத்தனை முறை வானிலை பேசினோம்.

தாள்களைப் புத்தகத்திலேயே வைத்தேன்.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
உங்கள் இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்தேன்.
குளிர்கிறது அங்கே.
பிரசங்க மேடை தெரியவில்லை, தூண் மறைக்கிறது.
ஆள் இருந்தால் தெரிவதெல்லாம்
வரிசை வரிசையாய்ப் பின்கழுத்துகள்தான்,
எவன் இருமுகிறான், எவள் மெலிந்துவிட்டாள் என்று.

ஆறாவது என்னுடையது.